கோ, ரஸ்ட், எலிக்சர்னு பிடிச்ச டெக்னாலஜில வேலை தேட எந்த சைட் தேறுது? நோண்டிப் பாத்தவனோட ரிவியூ

முதல்லயே சொல்லிடுறேன், "வேலை வேணும், எதா இருந்தாலும் ஓகே"ன்னு தேடுறவங்களுக்கு இந்த ரிவியூ தேவைப்படாது. நௌக்ரில புரொஃபைல போட்டு வச்சாலே போன் வந்துட்டே இருக்கும். இது, "இனிமே கோல தான் கோட் எழுதணும், ஸ்பிரிங் பூட் போதும்டா சாமி"ன்னு ஒரு முடிவுக்கு வந்தவங்களுக்கு (கோ, ரஸ்ட், எலிக்சர் எல்லாம் புரோகிராமிங் லேங்குவேஜ், ஸ்பிரிங் பூட் ஜாவாவோட ஃபிரேம்வொர்க்). நான் ஓஎம்ஆர்ல ஒரு சர்வீஸ் கம்பெனில ஜாவா பேக்எண்ட்ல குப்பை கொட்டுன ஆளு, கோ பக்கம் தாவணும்னு ரொம்ப நாளா ஆசை, அதுக்காக இந்த வேலை தேடுற சைட்டு, தேடுற வழி எல்லாத்தையும் ஒண்ணு விடாம நோண்டிட்டேன், அதுல எது எது நம்ம நேரத்துக்கு லாயக்கு, எது சும்மா பொழுது போக்குன்னு சொல்றேன்.

மொத்தத்துக்கும் ஒரே பிரச்சனை தான். எல்லா சைட்லயும் ஸ்கில் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது ஜேடில (ஜாப் டிஸ்கிரிப்ஷன், அதாவது வேலை விவரம்) இருக்குற வார்த்தைய மட்டும் தான் பாக்கும், அந்த வேலைல நீங்க தினமும் என்ன எழுதப்போறீங்கன்னு அதுக்குத் தெரியாது. ஜேடி எழுதுறது ஹெச்ஆர், அவங்க பழைய ஜேடிய காப்பி அடிச்சு, மேனேஜர் சொன்ன நாலு வார்த்தைய சேத்து, எதுக்கும் இருக்கட்டும்னு காஃப்கா, குபர்னெட்டிஸ், கோ எல்லாத்தையும் தூவி விட்டுடுறாங்க. அதனால நான் எல்லா சைட்டையும் ஒரே கேள்வி வச்சு தான் எடை போட்டேன்: இங்க இருக்குற ஸ்டாக் விவரத்த, அதாவது எந்த லேங்குவேஜ், எந்த டூல்ங்கிறத, எழுதுனது யாரு, அந்த டீம்ல கோட் எழுதுறவனா, இல்ல ஃபார்ம் நிரப்புறவங்களா?

அப்புறம் இந்த பேர் குழப்பம் இருக்கே, அது தனி காமெடி. கோன்னு அடிச்சா "கோ கெட்டர்" வேணும், "கோ டு மார்க்கெட்" மேனேஜர் வேணும்னு சேல்ஸ் வேலையா வந்து கொட்டும், அதனால எப்பவும் கோலேங்னு (கோவோட இன்னொரு பேரு) தான் தேடணும். ஸ்விஃப்ட்னு தேடுற ஐஓஎஸ் பசங்களுக்கு பேங்க்ல பேமெண்ட் மெசேஜ் பாக்குற ஸ்விஃப்ட் ஆபரேஷன்ஸ் வேலை வரும். ஆர் தேடுற டேட்டா ஆளுங்க பாவம், உலகத்துல இருக்குற எல்லா ஆர் அண்ட் டி வேலையும் அவங்க தலைல தான். ரஸ்ட்னு தேடுனா பாதி வேலை பிளாக்செயின் கம்பெனியா இருக்கும், ஏன்னா சொலானாங்கிற பிளாக்செயின்ல புரோகிராம் எழுதுறதே பெரும்பாலும் ரஸ்ட்ல தான், அது வேணாம்னா கிரிப்டோ, வெப்3 ரெண்டையும் கழிச்சு தேடணும். பேர மட்டும் நம்பாம கூடவே அந்த லேங்குவேஜோட ஃபிரேம்வொர்க், லைப்ரரி பேரு ஒண்ண சேத்துக்கோங்க. எலிக்சர்னா ஃபீனிக்ஸ், ஸ்விஃப்ட்னா ஸ்விஃப்ட்யூஐ, ரஸ்ட்னா டோக்கியோ. ஜேடில டோக்கியோன்னு எழுதிருந்தா அத எழுதுனவன் கோட் எழுதுற ஆளு தான் (இல்லனா ஜப்பான் வேலையா இருக்கும், அதையும் பாத்துக்கோங்க).

இப்ப ஒவ்வொண்ணா வருவோம்.

நௌக்ரி 1997ல இருந்து இருக்கு, இன்ஃபோ எட்ஜோடது. இதுல நிறைய பேரு கவனிக்காத விஷயம், நாம வேலை தேடுற பக்கம் பாதி தான், மிச்ச பாதி ரிக்ரூட்டருங்க நம்மள தேடுற ரெஸ்டெக்ஸ்ங்கிற டேட்டாபேஸ். டெக்னாலஜி பாத்து வேலை தேடுறவன் அந்த ரெண்டாவது பாதிக்கு தான் மெனக்கெடணும். புரொஃபைல்ல ஐடி ஸ்கில்ஸ்னு ஒரு டேபிள் இருக்கும், ஸ்கில், வெர்ஷன், கடைசியா எந்த வருஷம் யூஸ் பண்ணீங்க, எத்தனை வருஷ அனுபவம்னு கேக்கும். பெரும்பாலும் காலேஜ் முடிச்சப்ப போட்டத அப்படியே விட்டு வச்சிருப்பாங்க, எட்டு வருஷம் கழிச்சும் சர்வ்லெட், ஜேஎஸ்பின்னு இருக்கும், அப்புறம் "எனக்கு ஏன் மெயின்டெனன்ஸ் புராஜெக்டா வருது"ன்னு புலம்பல். பழச தூக்குங்க. எது வேணாமோ அது எவ்வளவு நல்லா தெரிஞ்சாலும் கீ ஸ்கில்ஸ்ல இருக்கக் கூடாது. நான் ஜாவாவ அங்க இருந்து எடுத்த வாரமே கால் பாதியா குறைஞ்சுது, எனக்கு அது தான் வேணும். அப்பயும் கன்சல்டன்சி கால் வரும், இப்படி:

"ஹலோ சார், ஜாவாஸ்கிரிப்ட் ஓப்பனிங் ஒண்ணு இருக்கு, இமீடியட் ஜாய்னரா நீங்க?"

"இல்லங்க, நான் கோலேங் பாக்குறேன்."

"ஓகே சார், கோலேங் நோட் பண்ணிக்குறேன். ஜாவால எத்தனை வருஷம் சார் இருக்கும்?"

இதுக்கு கோவப்பட்டு புண்ணியம் இல்ல, அவங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ரெஸ்யூம் அனுப்பணும்னு டார்கெட். ஆனா நோட்டீஸ் பீரியட் விஷயத்துல ஜாக்கிரதை. அந்த ஃபீல்ட வச்சு வடிகட்டுறாங்க, 3 மாசம்னு போட்டா நிறைய இடத்துல நம்ம பேரே ஸ்கிரீன்ல வராது. அதுக்காக பொய் போடச் சொல்லல, கம்பெனில பை அவுட் ஆப்ஷன் (மிச்ச நாளுக்கு காசு கட்டிட்டு சீக்கிரம் கிளம்புறது) இருக்கான்னு முதல்லயே கேட்டு தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஜாவா, டாட்நெட், எஸ்ஏபி, டெஸ்டிங்னா இந்தியாவுல நௌக்ரிய அடிச்சுக்க ஆளில்ல. கோவுக்கு பரவால்ல ரகம். எலிக்சர், ஹாஸ்கெல், கிளோஷர் மாதிரி அபூர்வ லேங்குவேஜ்னா அங்க நேரத்த செலவு பண்ணாதீங்க.

லிங்க்டின்ல நிறைய பேரு பிரவுஸ் மட்டும் பண்றாங்க, தேடுறது இல்ல. அதுல பூலியன் சர்ச் இருக்கு, அண்ட், ஆர், நாட் மூணையும் கேப்பிடல்ல போடணும், சேந்து வர்ற வார்த்தைய கொட்டேஷனுக்குள்ள. கோலேங் வேணும் ஆனா லீட், மேனேஜர், ஆர்க்கிடெக்ட் வேணாம்னு ஒரு வரில எழுதி அதுக்கே அலர்ட் போட்டுடலாம். அப்புறம் ஒரு சின்ன வித்தை, ஊர்ல பாதி பேருக்கு இப்ப தெரியும், இருந்தாலும் சொல்றேன். "கடந்த 24 மணி நேரம்"னு ஃபில்டர் போட்டா மேல யுஆர்எல்ல ஆர்86400னு ஒரு எண் வரும், 24 மணி நேரத்துக்கு அத்தனை செகண்ட். அத 3600னு மாத்தி என்டர் அடிச்சா கடைசி ஒரு மணி நேரத்துல போட்டது மட்டும் வரும். ஒரு வேலைக்கு நூத்துக்கணக்குல அப்ளை பண்றப்ப முதல் பத்து பேருல நிக்கிறதுக்கும் நானூறாவது ஆளா நிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, அதுக்கு தான். ஓப்பன் டு வொர்க் போடுறதா இருந்தா ரிக்ரூட்டருக்கு மட்டும் தெரியுற மாதிரி போடுங்க, ஆனா நம்ம கம்பெனி ஹெச்ஆருக்கு தெரியவே தெரியாதுன்னு கேரண்டி இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதனால அப்ரைசல் நேரத்துல யோசிச்சு பண்ணுங்க.

வெல்ஃபவுண்ட், அதாவது 2022 வரைக்கும் ஏஞ்சல்லிஸ்ட் டேலண்ட்னு இருந்தது, ஸ்டார்ட்அப் வேலைக்கு ஓகே. சம்பளமும் பங்கும் முன்னாடியே போட்டிருப்பாங்க, அது ஒண்ணே பெரிய விஷயம். நம்ம ஊருக்கு லிஸ்டிங் கம்மி, அவ்ளோ தான் இதப் பத்தி.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஹேக்கர் நியூஸ். ஒய் காம்பினேட்டர்ங்கிற ஸ்டார்ட்அப் முதலீட்டு கம்பெனி 2007ல ஆரம்பிச்ச டெக் செய்தி சைட், பாக்க தொண்ணூறுகள்ல பண்ண பக்கம் மாதிரி இருக்கும், மேல ஆரஞ்சு பட்டை, கீழ வெறும் எழுத்து. மாசத்தோட முதல் வேலை நாள் அன்னைக்கு அமெரிக்க கிழக்கு நேரம் காலைல 11 மணிக்கு "ஹூ ஈஸ் ஹயரிங்"னு ஒரு பதிவு வரும், நமக்கு அது ராத்திரி எட்டரை, அவங்க குளிர்காலத்துல ஒம்பதரை. அதுக்கு கீழ கம்பெனிங்க வந்து கமெண்ட்டா வேலைய போடுவாங்க. விதிமுறைய பாத்தீங்கன்னா ஏன் பிடிச்சிருக்குன்னு புரியும். கன்சல்டன்சி, ஜாப் போர்டு யாரும் போடக் கூடாது, கம்பெனிக்குள்ள இருக்குறவங்க தான் போடணும். கம்பெனிக்கு ஒரு போஸ்ட் தான். நிஜமாவே அந்த இடத்துக்கு ஆள் எடுக்குறவங்க, அப்ளை பண்றவனுக்கு பதில் போடுறவங்க மட்டும் தான் வரலாம். எல்லாரும் அத கடைபிடிக்கிறாங்களான்னு கேக்காதீங்க, ஆனா எழுதுற தொனியே வேற. கம்பெனி பேரு, வேலை, ஊரு, ரிமோட்டா ஆஃபீஸான்னு ஒரு வரி, பாதி பேரு சம்பளமும் போட்டுடுவாங்க, அப்புறம் ஒரு பாரா, "எங்க பேக்எண்ட் கோவும் போஸ்ட்கிரஸும், கியூவுக்கு நாட்ஸ், ஃபிரண்ட்எண்ட் கொஞ்சம் எல்ம் இருக்கு, அதுக்கு மன்னிச்சுக்கோங்க"ங்கிற ரேஞ்சுல. இந்த மன்னிப்பு இருக்கு பாருங்க, அத எந்த ஹெச்ஆரும் எழுத மாட்டாங்க, கோட் எழுதுறவன் தான் எழுதுவான்.

நூத்துக்கணக்குல கமெண்ட் வரும்ங்கறதால உக்காந்து படிக்க முடியாது, பக்கத்துல கன்ட்ரோல் எஃப் அடிக்கலாம், ஆனா கீழ "மோர்"னு இன்னும் பக்கம் இருக்கும், அத மறந்துடாதீங்க. ஹெச்என்ஹயரிங்னு ஒரு சைட் இருக்கு, அது இந்தப் பதிவுகள எடுத்து டெக்னாலஜி வாரியா பிரிச்சு காட்டும், கிளோஷர்னு கிளிக் பண்ணா கிளோஷர் மட்டும். நமக்கு என்ன கஷ்டம்னா, பெரும்பாலானது அமெரிக்கா, இல்லனா ஐரோப்பா. ரிமோட்னு பெருசா போட்டிருப்பாங்க, ஆசையா படிச்சுட்டே போனா பிராக்கெட்ல "அமெரிக்கா மட்டும்"னு இருக்கும். அதனால தேடுறப்ப "குளோபல்", "எனிவேர்", "இந்தியா"ன்னு சேத்துத் தேடுங்க. விசா ஸ்பான்சர் பண்றவங்க தனியா விசான்னு போடுவாங்க, வெளிநாடு போற ஐடியா இருக்குறவங்களுக்கு அது நல்ல வழி.

அதே நாள் இன்னொரு பதிவும் வரும், "ஹூ வான்ட்ஸ் டு பி ஹயர்ட்". இதுல நாம நம்மள பத்தி போடணும், ஊரு, ரிமோட்டுக்கு ஓகேவா, இடம் மாறுவீங்களா, டெக்னாலஜிஸ், ரெஸ்யூம், ஈமெயில்னு வரிசை. அந்த டெக்னாலஜிஸ் வரில பதினெட்டு ஐட்டம் அடுக்காம, பிடிச்ச நாலே நாலு மட்டும் போட்டீங்கன்னா அதப் பாத்து வர்ற மெயில் எண்ணிக்கைல கம்மியா இருக்கும், ஆனா எல்லாம் விஷயத்தோட வரும். ரெஸ்யூம்ல போன் நம்பர மட்டும் எடுத்துட்டு போடுங்க, அது ஊர் உலகமே பாக்குற பக்கம்.

காசு பைசா செலவில்லாம அடுத்த சூப்பர் வழி, கூகுள். ஜோக் இல்ல. ஸ்டார்ட்அப்ல இருந்து பெரிய புராடக்ட் கம்பெனி வரைக்கும் நிறைய பேரு கேரியர் பக்கத்த அவங்களே கட்டுறது இல்ல, கிரீன்ஹவுஸ், லீவர், ஆஷ்பின்னு சில சர்வீஸ்ல தான் ஓடுது. கூகுள்ல சைட் ஆபரேட்டர் போட்டு ஜாப்ஸ்.லீவர்.கோன்னு கொடுத்து, கூட "கோலேங்", "சென்னை"ன்னு கொட்டேஷன்ல சேத்தா அந்த சர்வீஸ்ல இருக்குற எல்லா கம்பெனியோட வேலையும் ஒரே பக்கத்துல வந்துடும் (எல்லாம் இங்கிலீஷ்ல தான் அடிக்கணும்). டூல்ஸ்ல போய் கடந்த ஒரு வாரம்னு வச்சுக்கோங்க, இல்லனா மூடுன வேலையா வரும். இதுல என்ன அழகுன்னா, பேரே கேள்விப்படாத கம்பெனி மாட்டும், பதினைஞ்சு பேரு டீம், லாஜிஸ்டிக்ஸ்காரன், பேக்எண்ட் முழுக்க கோ, ஆனா நௌக்ரில போஸ்ட் போட அவனுக்கு பட்ஜெட்டும் இல்ல, அங்க வர்ற ஆயிரம் ரெஸ்யூம படிக்க ஆளும் இல்ல. இங்க அப்ளை பண்ணா நேரா அந்த டீம்கிட்ட போய் நிக்கும்.

அந்தந்த லேங்குவேஜ் ஆளுங்க கூடுற இடம் இன்னொண்ணு. பைதான்.ஆர்க்லயே ஜாப்ஸ் பக்கம் இருக்கு, தன்னார்வலருங்க பாத்து தான் ஏத்துறாங்க. எலிக்சர் ஃபோரம்ல ஜாப்ஸ் பிரிவு இருக்கு. ரஸ்ட்னா வாராவாரம் வர்ற "திஸ் வீக் இன் ரஸ்ட்" கடைசில வேலை லிங்க் இருக்கும். கோவுக்கு, கோ ஆளுங்க கூடுற கோஃபர்ஸ்ங்கிற ஸ்லாக் சாட் குரூப்ல ஜாப்ஸ் சேனல். இதெல்லாம் சின்னச் சின்ன இடம், வாரத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாத்தா போதும். நேர்ல போறதுல விருப்பம் இருந்தா சென்னைல பைதான் ஆளுங்களோட சென்னைபை கூட்டம் மாசாமாசம் நடக்குது, பெங்களூர்ல 2015ல ஆரம்பிச்ச கோ மாநாடு கோஃபர்கான் இந்தியா இருக்கு. டீ பிரேக்ல "எங்க டீம்ல ஆள் தேடுறோம் ப்ரோ"ன்னு வர்ற வேலை எந்த போர்டலுக்கும் வராது, இத நான் பத்து ஃபில்டருக்கு மேல நம்புவேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இன்னும் வயித்தெரிச்சல். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஜாப்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, 2022 மார்ச் 31ம் தேதியோட மூடிட்டாங்க. அதுல பிடிச்ச டெக்னாலஜி மட்டும் இல்ல, பிடிக்காததையும் சொல்லலாம். எனக்கு பிஹெச்பி வேணாம்னா வேணாம் தான், கேட்டுக்கும். அவ்ளோ சின்ன வசதி, இன்னைக்கு இருக்குற பெரிய பெரிய போர்டல்ல எல்லாம் ஏஐ மேட்ச், ஏஐ ஸ்கோர்னு என்னென்னமோ இருக்கு, "இது வேணாம்"னு ஒரு டிக் பாக்ஸ் வைக்க மனசு வரல.

வழிய தலைகீழா போடுறதும் உண்டு, அதாவது வேலைய தேடாம கம்பெனிய தேடுறது. ஹாஸ்கெல்ல வேலை பாக்கணும்னா இந்தியாவுல கண்ண மூடிட்டு முதல்ல பாக்க வேண்டியது பெங்களூர் ஜஸ்பே. கிளோஷர்னா அதே ஊர்ல நிலென்சோ, அது வேலை பாக்குறவங்களே சொந்தக்காரங்களா இருக்குற கூட்டுறவு கம்பெனி. கோன்னா செரோதா, அவங்க டெக் பிளாக் படிச்சாலே எத எதுக்கு யூஸ் பண்றாங்கன்னு வெளிப்படையா எழுதிருப்பாங்க. பைதான் ஃபிரேம்வொர்க் உள்ளுக்குள்ள பாக்கணும்னா மும்பைல ஃபிராப்பே, மொத்த கோடும் ஜிட்ஹப்ல தான் கிடக்கு. சென்னைல ஃபிரெஷ்வொர்க்ஸ் ரூபி ஆன் ரெயில்ஸ்ல ஆரம்பிச்ச கம்பெனி, ரெயில்ஸ் பசங்களுக்கு ரொம்ப நாள் அது தான் தாய்வீடு. ஜோஹோ பெரும்பாலும் ஜாவா, அதுலயும் அவங்களே கட்டுன ஃபிரேம்வொர்க்கு, அங்க போய் "எனக்கு இந்த லைப்ரரி தான் வேணும்"னு நிக்க முடியாது, ஆனா அடிப்படை நல்லா இருந்தா லேங்குவேஜ் பாக்காம எடுப்பாங்க.

எந்த கம்பெனியா இருந்தாலும் அப்ளை பண்றதுக்கு முன்னாடி அவங்க ஜிட்ஹப் பக்கத்த பாருங்க, ஒவ்வொரு ரெப்போ (ஒரு புராஜெக்ட்டோட கோட் இருக்குற இடம்) கீழயும் கலர் புள்ளியோட லேங்குவேஜ் பேரு இருக்கும், கூடவே கடைசியா எப்ப தொட்டாங்கன்னு தேதியும் இருக்கும். மூணு வருஷமா தொடாத கோ ரெப்போ ஒண்ண வச்சுக்கிட்டு "வி ஆர் எ கோ ஷாப்"னு ஜேடில எழுதிருந்தா புரிஞ்சுக்கோங்க.

ஃபிரெஷர்ஸ் யாராச்சும் இது வரைக்கும் படிச்சிருந்தா, தம்பி தங்கச்சிங்களா, இது உங்களுக்கு இப்ப வேணாம். முதல் வேலைக்கு ஸ்டாக் பாத்து அடம் பிடிச்சா மார்க்கெட் இருக்குற நிலைமைல வீட்ல உக்கார வேண்டியது தான், ரெண்டு வருஷம் எதுலயாச்சும் கோட் எழுதிட்டு வாங்க, நடுவுல பிடிச்ச லேங்குவேஜ்ல சொந்தமா ஒண்ணு கட்டி ஜிட்ஹப்ல போட்டு வைங்க. வேலைக்கு காசு கேக்குறவன், "பேக்டோர் ஓப்பனிங்"னு சொல்றவன் எவனா இருந்தாலும் போன கட் பண்ணிடுங்க.

கடைசியா இன்டர்வியூ. இவ்ளோ சலிச்சு எடுத்தும் ஏமாத்துறவன் ஏமாத்துவான். ஒரு கம்பெனி, பேரு வேணாம், ஜேடில கோ, ஜிஆர்பிசி, குபர்னெட்டிஸ். முதல் ரவுண்ட் முழுக்க ஜாவா 8 ஸ்ட்ரீம்ஸ், ஹாஷ்மேப் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு. சரி, ஸ்கிரீனிங் போலன்னு பொறுத்துக்கிட்டேன். ரெண்டாவது ரவுண்ட்ல "உங்களுக்கு எதாச்சும் கேள்வி இருக்கா"ன்னாரு மேனேஜர். "சார், உங்க டீம்ல கடைசியா மெர்ஜ் ஆன புல் ரெக்வஸ்ட் எந்த லேங்குவேஜ்ல சார்?"னு கேட்டேன், அதாவது கடைசியா சேத்த கோட் எதுலன்னு. ஒரு செகண்ட் மியூட்ல போன மாதிரி அமைதி. "ஆக்சுவலா இப்போதைக்கு ஸ்ட்ரட்ஸ் அப்ளிகேஷன் ஒண்ணு லைவ்ல இருக்கு, கோ மைக்ரேஷன் வந்து நெக்ஸ்ட் குவாட்டர் ரோட்மேப்ல இருக்கு." ஸ்ட்ரட்ஸ்னா ஜாவால பழைய காலத்து ஃபிரேம்வொர்க். எந்த வருஷத்து நெக்ஸ்ட் குவாட்டர்னு நான் கேக்கல.

அந்தக் கேள்விய நீங்க எல்லா இடத்துலயும் கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இன்னொரு இடத்துல இதே கேள்விக்கு இன்டர்வியூ எடுத்த பொண்ணு ஸ்கிரீன் ஷேர் பண்ணி, கஸ்டமர் பேரு தெரியுற டேப்ப மட்டும் மூடிட்டு, கோ வெர்ஷனும் யூஸ் பண்ற லைப்ரரிங்களும் (டிபென்டன்சி) எழுதிருக்குற கோ.மாட் ஃபைலயே திறந்து காட்டுனாங்க, கோ வெர்ஷன் புதுசு, டிபென்டன்சி ஒரு ஸ்கிரீன்ல அடங்குது. அவங்ககிட்ட அடுத்து ஆன்கால் (சிஸ்டம் படுத்துட்டா எந்நேரமும் போன் எடுக்குற டியூட்டி) எத்தனை வாரத்துக்கு ஒரு தடவ வரும்னு கேட்டேன், ஏன்னா சின்ன டீம்ல ஸ்டாக் நல்லா இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிச்சா எடுக்க வேண்டியது நாம தான்.